ஆச்சியின் பஞ்சாங்கம்

தொடர் கட்டுரை: 9

சென்ற வாரம் கும்பிளாவளைப் பிள்ளையார் கோவில் வீதியில் நின்று அளவெட்டியின் தவிலோசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அவ்வீதியினின்றும் சற்று விலகி ஒரு வீட்டு முற்றத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே என் தாயைப் பெற்றவராகிய ஆச்சி, 92 வயது வாழ்ந்து நிறைந்தபின், பெரிய நோய் நொடி எதுவுமின்றி ஒரு விடியற்புறத்தில் கண் மூடியது அந்த முற்றத்தை அடுத்த திண்ணையிலேதான். எட்டுச் செலவு முடிந்த மறுநாள், கல்வெட்டுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பை உறவினர் என் தலையில் வைத்தனர்.

யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்று வழங்குவது கல்லிலே பொறிக்கப்படுவதன்று. அந்தியேட்டித் தினமாகிய 31ஆம் நாளில், சாப்பிட்டுக் கைகழுவி எழும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்பப்படும் சிறு புத்தகம். முகப்பிலே படம், அதனை அடுத்துத் திதி வெண்பா, பின்னர் தேவார திருவாசகங்கள், வம்ச வரலாறு, மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என அதற்கொரு கிரமம் உண்டு. இவற்றுள் உயிர்நிலை திதி வெண்பாவே. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலமே ஒரு திதியாதலால், ஒருவர் இறந்த திதி ஆண்டுதோறும் வெவ்வேறு ஆங்கிலத் தேதிகளில் வரும். ஆகவே வருஷம், மாதம், பட்சம், திதி ஆகியவற்றை நான்கடிக்குள் அடக்கி, சந்ததியார் சிராத்த தினத்தைத் தவறவிடாதிருக்கும்படி செய்துவைத்தனர் முன்னோர். ஆச்சிக்கு வாய்த்தது துன்முகி வருஷத்து ஆவணி அபரபக்க நவமி. அதனை வெண்பாவாக்க ஊர்ப்புலவர் ஒருவருக்கு அரை நாழிகை போதுமாயிருந்தது.

இறந்த திதி இவ்வாறு துலக்கமாயிருக்க, பிறந்த நாளுக்குத்தான் தடுமாற்றம் வந்தது. எங்களூர்க் கவிஞராகிய மகாகவி 1927இல் பிறந்தார் என்பதை இலக்கிய வரலாறுகள் சொல்லும். அதே மண்ணில் அவருக்குச் சற்று முன் பிறந்த ஆச்சியின் பிறப்பைச் சொல்ல எந்த வரலாறு இருக்கிறது? அடையாள அட்டையில் இருந்த வருஷத்தை அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. "நான் உருத்திரோற்காரி வருசம், மாசி மகம்" என்பதே அவர் வாக்கு. கணக்குப் பார்த்தால் அது 1924இன் ஆரம்பம்.

ஏனைய சம்பவங்களுக்கெல்லாம் ஆச்சியிடம் வேறொரு பஞ்சாங்கம் இருந்தது. கொக்குவிலில் அச்சாகும் வாக்கிய பஞ்சாங்கம் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எனினும் அது விரதங்களுக்கு மாத்திரம். "உங்களுக்கு எப்ப ஆச்சி கலியாணம்?" என்று கேட்டால், "கூப்பன் வந்து ரண்டாம் வருசமடா மோனை" என்பார். 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி ரங்கூன் அரிசியின் வரவு நின்றுபோக, அரிசிக்குக் கூப்பன் வந்தது. ஒடியற்பிட்டும் மரவள்ளிக் கிழங்கும் கல்யாண வீட்டாருக்கும் உணவாயிருந்த அக்காலமே அவருக்குச் சகாப்தத்தின் தொடக்கம். என் தாயாரின் தம்பி நடைபழகியது, தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயலில், முற்றத்து முருங்கை முறிந்து விழுந்த மறுகிழமை. பாட்டனார் காலமானது, தவில் மேதை தட்சணாமூர்த்தி மறைந்த 1975க்கு அடுத்த வருஷம். 1990க்குப் பின் மின்சாரமும் மண்ணெண்ணெயும் அற்றுப்போக, வெறும் ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் ஒரு திரியும் இட்டுப் பேரப்பிள்ளைகள் பாடம் படித்த ஆண்டுகள் முழுவதற்கும் 'ஜாம்போத்தல் காலம்' என்ற ஒரே பெயர்தான்.

அறுபது வருஷங்கள் ஒரு வட்டமாதலால், பிறந்த வருஷத்தின் பெயரை மீண்டும் காண்பது பெரும்பேறு என்பர். ஆச்சியின் உருத்திரோற்காரி மீண்டும் வந்தது 1983 சித்திரையில். நவக்கிரக சாந்தி செய்விக்க வேண்டுமென்று கொழும்பிலே உத்தியோகம் பார்த்த மாமா கடிதம் எழுதியிருந்தார். ஆடி மாதத்திலே அவரே உடுத்த உடுப்புடன், அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறையில் வந்திறங்கினார். சாந்தி நடைபெறவில்லை. "என்ரை வருசம் திரும்பி வந்த வடிவைப் பார்" என்று மாத்திரம் சொல்லி, மகனுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக் கிணற்றடிக்கு அழைத்துப்போனாராம். அதன்பின் தம்முடைய வயதை அவர் எவரிடமும் சொல்லக் கேட்டதில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்தின் இலட்சக்கணக்கான ஜனங்கள் மழையிலே நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சியை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தபோது, ஆச்சியின் இடுப்பில் ஒரு கொட்டைப்பெட்டி செருகப்பட்டிருந்தது. பனையோலையால் இழைத்த அந்தச் சிறு பெட்டிக்குள் காசோ நகையோ இருக்குமென்று நாங்கள் எண்ணினோம். சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பாடசாலை விறாந்தையில் ஒதுங்கியபின் அவர் அதனைத் திறக்க, உள்ளே நான்காய் மடிக்கப்பட்டிருந்தது பாட்டனாரின் கல்வெட்டு, அதுவும் திதி வெண்பா உள்ள அந்த ஒற்றைத் தாள் மாத்திரம். கார்த்திகையில் அத்திதி வந்தது. வாழையிலை கிடைக்காமையால் பூவரசம் இலையிலே ஒருபிடி சோற்றை வைத்து, மதிலோரம் நின்று "கா, கா" என்று அவர் காகத்தை அழைத்த குரல், எத்தனையோ குடும்பங்கள் நெருங்கிக் கிடந்த அவ்விடத்தைச் சில கணம் அமைதியாக்கிற்று.

இவற்றையெல்லாம் வாழ்க்கைக் குறிப்பில் ஆச்சியின் கணக்குப்படியே எழுதி அச்சகத்துக்குக் கொடுத்தேன். "கூப்பன் வந்து ரண்டாம் வருசம் எண்டால் இந்தக் காலத்திலை ஆர் விளங்குவினம்? இலக்கத்திலை போடுவம்" என்றார் அச்சுக்கோப்பவர். டொரன்டோவிலுள்ள பேரப்பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன். அங்கே நேரம் பின்தங்கியிருப்பதால், இங்கே இன்று விடியலில் நிற்கும் திதி அவர்களுக்கு நேற்றைய மாலையிலேயே வந்துவிடக் கூடும். அவர்களுக்கு இலக்கங்கள் வேண்டும். ஆகவே அடைப்புக்குறிக்குள் ஆண்டுகளைச் சேர்த்து, ஆச்சியின் கணக்கை அப்படியே விட்டேன்.

அந்தியேட்டியன்று கீரிமலையில் கிரியைகள் முடித்து வீடு திரும்பி, பந்தி எழும்பியபின் அயல்வீட்டு மூதாட்டி ஒருவர் கல்வெட்டைக் கண்ணுக்கு அருகிற் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். இலக்கங்களில் அவர் கண் நிற்கவில்லை. விரலை மடக்கி எதையோ எண்ணிவிட்டுத் தமக்குள்ளே சொன்னார்: "அப்ப நான் கூப்பன் வரேக்கை பாலர் வகுப்பு. இவவிலும் பன்ரண்டு வயது இளமை."

(தொடரும்)