முழங்கை முறிவு: கட்டுப் போடுவதோடு முடிவதில்லை

சைக்கிளிலிருந்தோ மரத்திலிருந்தோ விழும் பிள்ளைகள் பெரும்பாலும் கையை ஊன்றியே விழுகிறார்கள். அப்போது முழங்கைப் பகுதியில் அதிகமாக முறிவது முழங்கைக்குச் சற்று மேலே உள்ள எலும்பு. "நாட்டுக்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்பதே நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு. முழங்கை விஷயத்தில் இது ஆபத்தானது.

கைக்குச் செல்லும் முக்கிய இரத்தக் குழாயும் நரம்புகளும் அந்த எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. வீக்கம் ஏறும் நேரத்தில் பத்தை வைத்து இறுக்கினால் தசைக்கு இரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே தசை செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடக்கூடும். இறுக்கமான கட்டினால் வரும் இந்த ஊனத்தை ஜெர்மன் மருத்துவர் வோல்க்மன் 1881-லேயே விளக்கியுள்ளார். அடங்காத வலி, விரல் மரத்துப்போதல், வெளுத்தல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வாடிப்பட்டிப் பகுதியில் இருப்பவர்கள் கையை அசையாமல் தாங்கி, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ சென்றுவிட வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் உணவு கொடுக்க வேண்டாம்.

எலும்பு விலகியிருந்தால் பிள்ளைகளுக்கு அதை நேராக்கி, மெல்லிய கம்பிகளால் நிறுத்துவார்கள். பொதுவாக 3, 4 வாரங்களில் கம்பியை எடுத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு முறிவு மூட்டுக்குள் போயிருந்தால் பிளேட், ஸ்க்ரூ வைக்க வேண்டிவரும்.

இதோடு பாதி வேலைதான் முடிகிறது. முழங்கை எளிதில் இறுகிப்போகும் மூட்டு. பெரியவர்கள் வலிக்குப் பயந்து வாரக்கணக்கில் கையை அசைக்காமல் வைத்திருந்தால் பிறகு மடக்குவது கடினம். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து தாமாகவே மெதுவாக, தினமும் பலமுறை மடக்கி நீட்ட வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவுவதும், பிறர் இழுத்து மடக்குவதும் கூடாது. தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளக்கூடும். பிள்ளைகளுக்கு அன்றாட விளையாட்டே பெரும்பாலும் போதும். அசைவு திரும்பச் சில மாதங்கள் ஆகலாம்.

கை முழுவதும் நீளவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். 30 முதல் 130 பாகை வரை மடங்கினாலே உண்ணவும் முகம் கழுவவும் தலை வாரவும் முடியும்.

வுளூவுக்காகக் கட்டை நனைக்கவோ பிரிக்கவோ வேண்டியதில்லை. கட்டின் மேல் மஸஹ் செய்யும் சலுகையை மார்க்கம் தந்திருக்கிறது. மத்ஹபுக்கேற்ற விவரத்தை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.