இறக்கையிற் படியும் பனி

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. ஆண்டின் ஆறு பருவங்களுள் இரண்டுக்கு முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயரிட்டவர் தமிழர். ஆயினும், கொட்டியாரக் குடாவின் தென்பால் அமைந்த தோப்பூர் வயல்களில் விடியற்காலையிற் காணப்படும் பனி, நெற்றாள்களில் முத்துப்போல் நின்று, ஞாயிறு எழுந்த சிறு பொழுதில் மறைந்துவிடும் நீர்த்துளியேயாகும். குளிர்நாடுகளில் வானத்திலிருந்து பொழிவதையும், இரவில் பொருள்களின்மீது உறைந்து கிடப்பதையும் தமிழில் அதே சொல்லாற் குறிப்பிடுகின்றனர். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. இந்தப் பனி உயிரையும் கொள்ளவல்லது.

திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்தோர் பலருக்கு இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் உறவினர் உளர். மார்கழி, தை மாதங்களில் ரொறன்ரோ நகரிலிருந்து தாயகம் திரும்பப் புறப்படும் பயணி ஒருவர் காணும் காட்சி இது: விமானத்தின் கதவுகள் மூடப்பட்டுவிட்டன, ஆயினும் விமானம் ஓடுபாதைக்குச் செல்லவில்லை. வேறோர் இடத்திற் போய் நிற்கிறது. நீண்ட கை பொருத்திய வண்டிகள் இருபுறமும் வந்து, இறக்கைகளின்மீது செம்மஞ்சள் நிறத் திரவத்தைப் பீச்சுகின்றன. நேரம் கடந்துகொண்டே போகிறது. முதன்முறை செல்பவர் விமானம் பழுதுற்றதோ என அஞ்சுவார். உண்மையில், அவருடைய உயிரைக் காக்கும் பணியே அங்கு நடைபெறுகின்றது.

இதன் காரணத்தை அறிவதற்கு, விமானம் எவ்வாறு பறக்கின்றது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கையின் வடிவம். வளைந்த, வழவழப்பான அந்தப் பரப்பைத் தழுவிக் காற்று விரைந்து ஓடும்போதே மேலெழுப்பும் விசை பிறக்கின்றது. பரப்பில் உறைபனி படிந்தால் காற்று அதனைத் தழுவாது பிரிந்து சிதறுகின்றது. பனியின் பாரமே விமானத்தை வீழ்த்துகின்றது எனப் பலர் எண்ணுவர். பாரத்தினும் கொடியது அதன் சொரசொரப்பு. தச்சர் மரத்தைத் தேய்க்கும் அரத்தாளின் அளவே தடிப்பும் முரடும் உடைய பனிப்படலம், மேலெழுப்பும் விசையை 30 சதவீதம் வரை குறைத்து, காற்றின் தடையை 40 சதவீதம் வரை கூட்டவல்லது. எனவே, "சிறிதளவு பனிதானே" என்னும் பேச்சுக்கு விமானத் துறையில் இடமில்லை.

இந்த உண்மையைக் கனடா பெருவிலை கொடுத்துக் கற்றது. 1989ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், ஒன்ராறியோ மாகாணத்து டிரைடன் என்னும் சிற்றூரில் 69 பேருடன் விமானம் ஒன்று நின்றது. அதன் இயந்திரங்களை நிறுத்தினால் மீண்டும் இயக்குவதற்கான துணைப்பொறி பழுதுற்றிருந்தது. தரையிலும் அதற்கு வேண்டிய கருவி இல்லை. இயந்திரம் ஓடும்போது பனி நீக்கும் திரவத்தைத் தெளிக்க நிறுவன விதி இடந்தரவில்லை. பனியோ பொழிந்துகொண்டிருந்தது. பயணிகளாக அமர்ந்திருந்தோருள் விமானமோட்டிகள் இருவரும் இருந்தனர். இறக்கையிற் பனி படிந்திருப்பது அவர்கள் கண்ணிற் பட்டது. ஆயினும் அச்செய்தி விமானியின் அறையை எட்டவில்லை. விமானம் புறப்பட்டு, ஒரு நிமிடத்துக்குள் காட்டில் வீழ்ந்தது. 24 பேர் மாண்டனர்.

நீதிபதி வேர்ஜில் மொஷான்ஸ்கி தலைமையில் விசாரணை நடைபெற்றது. அவர் விமானியை மட்டும் குற்றஞ்சாட்டி அமையவில்லை. பழுதான பொறி, கருவியற்ற நிலையம், தாமதம் பற்றிய நெருக்கடி, மேற்பார்வையின் தளர்ச்சி ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்தே விபத்தை விளைத்தன என விளக்கினார். தூய இறக்கையுடனன்றி எந்த விமானமும் புறப்படலாகாது என்னும் விதி அதன்பின் வலுப்பெற்றது.

இவ்விதியை நிறைவேற்றும் முறை இரண்டு படிகளையுடையது. முதலில், கிளைக்கோலும் நீரும் கலந்த செம்மஞ்சள் திரவம் சூடாக்கப்பட்டுப் பீச்சப்படுகின்றது. படிந்த பனி உருகி வழிகின்றது. பனி தொடர்ந்து பொழிந்தால், பச்சை நிறமுடைய தடித்த திரவம் அடுத்துப் பூசப்படும். அது புதிதாய் விழும் பனியைத் தன்னுள் ஏற்று உறையவிடாது காக்கும். விமானம் ஓடுபாதையில் விரையும்போது காற்றினால் வழித்தெறியப்படும். இக்காப்பு குறித்த நேரமே நிலைக்கும். குளிரின் அளவையும் பனிப்பொழிவின் கடுமையையும் கொண்டு அந்நேரத்தை விமானி அட்டவணையிற் கணிப்பார். அது கடந்துவிட்டால், மீண்டும் சோதனைக்கும் தெளிப்புக்கும் திரும்புவதே ஒழுங்கு.

வெப்பநாட்டு வானம் இவ்வாபத்துக்கு அப்பாற்பட்டது என நேயர்கள் எண்ணிவிடலாகாது. மேலே செல்லச் செல்ல, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சுமார் 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறைகின்றது. தோப்பூரில் நண்பகல் 30 பாகையாக இருக்கையிலும், சுமார் 5 கிலோமீற்றர் உயரத்தில் நீர் உறையும் குளிர் நிலவும். அங்குள்ள முகில்களில், பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் உள. விமானம் மோதியவுடன் அவை பனிக்கட்டியாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் பெரிய விமானங்களில் இயந்திரத்தின் சூடான காற்றைக் குழாய் வழியே இறக்கையின் முன்விளிம்புக்குச் செலுத்திச் சூடேற்றுகின்றனர். வேகத்தை அளக்கும் குழாய்களும் மின்சாரத்தாற் சூடாக்கப்படுகின்றன.

எனினும் இயந்திரக் காப்பு மட்டும் போதாது. 2009ஆம் ஆண்டு யூன் 1ஆம் நாள், றியோ டி ஜெனெய்ரோவிலிருந்து பாரிஸ் சென்ற விமானம், நிலநடுக்கோட்டை அண்டிய இடிமுகில்களிடையே பறந்தபோது, பனித்துகள்கள் அக்குழாய்களை அடைத்தன. வேகங்காட்டிகள் பிழையான அளவைக் காட்டின. தானியங்கிச் செலுத்தல் நின்றது. அளவுகள் ஒரு நிமிடத்துக்குள் சீராயின. ஆயினும் அதற்கிடையே விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி உயர்த்தப்பட்டு, இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழந்தன. 228 பேரும் அத்திலாந்திக் கடலில் மாண்டனர். அதன்பின் குழாய்கள் மாற்றப்பட்டன. கருவி பொய்த்த வேளையிலும் நிதானம் இழவாது விமானத்தைச் செலுத்தும் பயிற்சி வலியுறுத்தப்பட்டது.

ஆகவே, பனிக்காலப் பாதுகாப்பு என்பது சூடேற்றும் கருவியாலும் பீச்சும் திரவத்தாலும் மாத்திரம் அமைவதன்று. காத்திருக்கும் பொறுமையும், கண்டதைச் சொல்லும் துணிவும் அதன் பாதியாகும். இறக்கையிற் பனியைக் காணும் பயணி, "எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்" என வாளாவிருத்தல் தகாது. பணியாளரிடம் பணிவுடன் சொல்லிவிடுதல் வேண்டும். பிள்ளையின் விமானம் பனியாற் பிந்துகிறது என்னும் செய்தி தோப்பூரிலுள்ள ஒரு தாய்க்கு வருமாயின், அவர் கலங்க வேண்டுவதில்லை. பிந்திப் புறப்படும் விமானம் பத்திரமாய் வந்திறங்கும் பொருட்டே பிந்துகின்றது.