விரால் சதைக்குள் மஞ்சள் உருண்டை

மதுரை நெல்பேட்டையில் வாங்கிவந்த கண்மாய் விராலைத் தோலுரித்து அறுக்கும்போது, சதையில் மஞ்சளாகச் சின்ன உருண்டை தட்டுப்படுவதுண்டு. கொழுப்பு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மீன் கெட்டுவிட்டது என்று சிலர் முழுவதையும் குப்பையில் கொட்டுகிறார்கள். உருண்டையை ஊசியால் கீறிப் பாருங்கள். உள்ளே மடங்கிக் கிடந்த தட்டைப்புழு மெல்ல நெளிந்து வெளியே வரும். கிளைனோஸ்டோமம் என்பது அதன் பெயர்.

கொக்கிலிருந்து நத்தைக்கு

இந்தப் புழு வளர்ந்து முட்டையிடுவது கொக்கு, நாரையின் வாயிலும் தொண்டையிலும். பறவை தண்ணீரில் அலகு வைக்கும்போது முட்டைகள் நீரில் கலக்கின்றன. பொரித்த குஞ்சு நத்தைக்குள் புகுந்து பலவாகப் பெருகி, வால் முளைத்து வெளியேறி, மீனின் தோலைத் துளைத்துச் சதையில் கூடு கட்டிக்கொள்கிறது. அந்த மீனைக் கொக்கு கொத்தினால் சுற்று முடிந்தது.

வண்டியூர், மாடக்குளம் என எந்தக் கண்மாயிலும் கொக்கும் நத்தையும் மீனும் சேர்ந்தே இருக்கும். சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை மண்டினால் நத்தைக்குக் கொண்டாட்டம். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற இவை மூன்றும் ஒரே குட்டையில் நெருங்குகின்றன. மேலூர்ப் பக்கம் ஊத்தாக் கூடையோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவும் அந்தச் சமயத்தில்தான்.

நமக்கு வருமா?

பச்சையாகத் தின்றால் வரலாம். ஜப்பானிலும் கொரியாவிலும் நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களின் தொண்டையில் இந்த மஞ்சள் புழு ஒட்டிக்கொண்டு, மருத்துவர்கள் இடுக்கியால் எடுத்திருக்கிறார்கள். வடகிழக்குத் தாய்லாந்தின் கல்லீரல் தட்டைப்புழு இன்னும் கொடியது. பித்தநாளப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே அதைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது.

மீன் நாடாப்புழு நம் பக்கமும் எட்டிப் பார்த்திருக்கிறது. இந்தியாவில் மனிதரிடம் அது இருந்ததாக முதல் மருத்துவக் குறிப்பை 1998இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வெளியிட்டார்கள். குடலில் 10 மீட்டர் வரைகூட வளரும். பி12 சத்தை உறிஞ்சிச் சிலருக்கு ரத்தசோகையைக் கொடுக்கும்.

குழம்பு காப்பாற்றுகிறது

மீனின் நடுச்சதை 63 டிகிரி செல்சியஸைத் தொட்டால் புழு செத்துவிடும். தளதளவென்று கொதிக்கும் புளிக்குழம்பு அதைச் சுலபமாகத் தாண்டும். எனக்குச் சந்தேகம் வறுவலில்தான். மொத்தமாக வெட்டிய கட்லாத் துண்டு வெளியே முறுகி, முள்ளோரம் ரத்தச்சிவப்பாகவே நிற்கும். அப்படி இருந்தால் மீண்டும் சட்டியில் போடுங்கள்.

அயிரைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். உயிரோடு பாலில் போட்டால் மண்ணைக் கக்கும் என்பது மதுரைக் கைப்பக்குவம். ஆனால் பால் புழுவைக் கொல்லாது. குடலோடு முழுசாகச் சாப்பிடும் மீன் என்பதால் நன்றாகக் கொதிக்கவிட்டே இறக்க வேண்டும். உப்பும் மஞ்சளும் எலுமிச்சையும் வாடையைப் போக்கும், அவ்வளவுதான். பச்சை மீன் அறுத்த அரிவாள்மனையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் அரியாதீர்கள்.

சந்தேகம் வந்தால்

மலத்தில் நாடாத் துண்டு தெரிந்தாலோ, காரணமில்லாமல் ரத்தசோகை தொடர்ந்தாலோ மருத்துவரிடம் போய் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாடாப்புழுதான் என்று தெரிந்தால் பிரசிக்வான்டல் மாத்திரை பெரும்பாலும் ஒரே வேளையில் வேலையை முடித்துவிடும். எடை பார்த்து அளவு சொல்ல வேண்டிய மருந்து அது. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.