பூட்டும் திறப்பும்: பல்கலைக்கழக நூலக மேலாண்மை

நுழையும்முன்

பள்ளி நூலக அலமாரியை ஆசிரியர் திறந்து, நூலை எடுத்துத் தருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சில நூறு நூல்களுக்கு அம்முறை போதுமானது. பல இலட்சம் நூல்கள் நிறைந்த பல்கலைக்கழக நூலகத்தில் அவற்றைக் காத்தலும் வேண்டும். நாடி வருவோர் கையில் காலத்தோடு சேர்த்தலும் வேண்டும். இவ்விரு கடமைகளும் பல வேளைகளில் ஒன்றோடொன்று மோதுகின்றன.

கணித ஆசிரியர் நூலகரானார்

1924ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சீ. இரா. அரங்கநாதன் பொறுப்பேற்றார். சீர்காழியைச் சேர்ந்த அவர், அதற்கு முன்பு மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். வாசகர் வரவு குறைந்த நூலகத்தில் வேலையின்றி அமர்ந்திருப்பது சில நாள்களிலேயே அவருக்குச் சலித்துவிட்டது. மீண்டும் கல்லூரிக்கே செல்ல விரும்பினார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்பிய பின்னும் அவ்வெண்ணம் நீடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. பயிற்சி முடித்து 1925இல் திரும்பியவர், அதன்பின் கல்லூரிப் பணியை நாடவில்லை.

இலண்டனில் பயின்ற காலத்தில் இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றை அவர் சுற்றிப் பார்த்தார். மக்கள் நாள்தோறும் வந்து செல்லும் இடமாக நூலகம் இருக்க முடியும் என்பதை அங்குக் கண்டார். 1931இல் வெளிவந்த 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்னும் அவரது நூல் இப்பட்டறிவின் விளைவே எனலாம். நூல்கள் இருப்பது பயன்படுத்துவதற்காகவே என்பது அவற்றுள் முதல் விதியின் கருத்து. இதில் புதுமை என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அடுக்கோடு பிணைத்து வைத்திருந்தனர். அத்தகைய நூலகம் ஒன்றை இங்கிலாந்தின் எரிபோர்டு பேராலயத்தில் இன்றும் காணலாம். சங்கிலி போன பின்னரும் பூட்டு நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இழப்பு பற்றிய அச்சம்

வாசகரே அடுக்குகளுக்குச் சென்று நூலை எடுத்துப் புரட்டிப் பார்ப்பது திறந்த அடுக்கு முறையாகும். அரங்கநாதன் இதனைச் சென்னையில் நடைமுறைப்படுத்தினார். ஒரு நூலைத் தேடிச் செல்பவர், அதனருகில் உள்ள வேறு மூன்று நூல்களையும் கண்டடைவது இம்முறையின் தனிச்சிறப்பு. ஆயினும் இதில் இரண்டு இடர்கள் உண்டு. நூல்கள் தொலையக்கூடும்; எடுத்த நூலை வாசகர் இடம் மாற்றி வைத்துவிடவும் கூடும். பின்னது சிறு பிழைபோலத் தோன்றும். ஆனால், ஐந்து இலட்சம் நூல்களுக்கிடையே தவறான அடுக்கில் செருகப்பட்ட ஒரு நூல், மீண்டும் கண்டெடுக்கப்படும்வரை தொலைந்ததற்கு ஒப்பானதே. எடுத்த நூலை மேசைமீதே விட்டுச் செல்லுமாறு நூலகங்கள் அறிவிப்பு வைப்பது இதனால்தான்.

நூல் குறைந்தால் அதன் விலையை நூலகப் பணியாளரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நிலை இருக்குமானால், அவர் அலமாரியைப் பூட்டுவது இயல்பேயன்றோ? எனவே, பணியாளரைக் குறைகூறுவதைவிட விதியைத் திருத்துவதே பயன் தரும். நடுவண் அரசின் பொது நிதி விதிகள் (2017) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் வரை குறைவது இயல்பான இழப்பாகக் கொள்ளப்படலாம் என்று அவ்விதிகள் கூறுகின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ அதற்குக் காரணமாக இருத்தல் கூடாது. அரிய நூல்களும் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூல்களும் தொலைந்தால் கட்டாயம் விசாரணை உண்டு. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு நடைபெற வேண்டும். 50,000 நூல்களுக்கு மேற்பட்ட நூலகத்தில் மாதிரிச் சரிபார்ப்பே போதுமானது. ஒரு நூலைக் காப்பதற்கு அதன் விலையினும் மிகுதியாகச் செலவிடுதல் அறிவுடைமையன்று என்பதை இவ்விதி ஏற்றுக்கொள்கிறது.

வரிசையும் இடமும்

அடுக்குகளைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. தொடர்புடைய நூல்கள் அடுத்தடுத்து அமையவும் வேண்டும். இலண்டன் கடையொன்றில், சில உலோகத் துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டிப் பல பொருள்களை உருவாக்கும் விளையாட்டுக் கருவியைக் கண்டபோது அரங்கநாதனுக்கு ஒரு வழி புலப்பட்டது. நெற்பயிர் நோய் பற்றிய நூலொன்றை எடுத்துக்கொள்வோம். பயிர், அதன் உறுப்பு, நோய், நிலப்பகுதி, காலம் ஆகிய கூறுகளுக்குத் தனித்தனிக் குறியீடுகள் தந்து இணைத்தால் அந்நூலின் பகுப்பெண் கிடைத்துவிடும். புதிய பொருள் தோன்றினாலும் பட்டியலைக் கலைக்க வேண்டியதில்லை. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை இதுவே.

நூலகம் ஓர் உயிர்போல வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாம் விதியின் கருத்து. கட்டடமோ வளர்வதில்லை. ஆதலால், பயன்பாடற்ற பழைய பதிப்புகளையும் மிகைப்படிகளையும் காலந்தோறும் நீக்க வேண்டியுள்ளது. எதனை நீக்குவது என்பதை நூலகர் மட்டும் முடிவு செய்யாமல், துறைப் பேராசிரியர்களையும் கலந்து முடிவு செய்தல் நன்று. ஒரு துறையில் பழமையானது எனக் கழிக்கப்படும் நூல், மற்றொரு துறைக்கு வரலாற்றுச் சான்றாக அமையலாம்.

வாங்கியதா, வாடகைக்கா?

பல்கலைக்கழக நூலக நிதியின் பெரும்பகுதியை ஆய்விதழ்கள் விழுங்கிவிடுகின்றன. அச்சிதழுக்கான சந்தாவை நிறுத்தினாலும் முன்பு வந்த இதழ்கள் அடுக்கிலேயே இருக்கும். மின்னிதழின் நிலை வேறு. ஒப்பந்தம் முடிந்தால், முன்பு படித்தவற்றுக்கான வழியும் அடைபடக்கூடும். ஆகவே, கையொப்பமிடும் முன் பழைய இதழ்களின் மீதான உரிமையைக் கேட்டுப் பெறுவதும் இன்றைய நூலகரின் பணியாகிவிட்டது. தனித்தனியே பேரம் பேசுவதைவிடக் கூட்டாகப் பெறுவது சிக்கனமானது. 2024 நவம்பரில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இவ்வகையினது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் இதற்கென ஒதுக்கப்பட்டது.

ஆய்வேடுகளின் கதையும் குறிப்பிடத்தக்கது. பல்லாண்டு உழைப்பில் உருவான ஆய்வேட்டின் ஓரிரு படிகள் மட்டும் நூலக அறைக்குள் உறங்கிக் கிடந்த காலம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைக்குப்பின் அவை மின்வடிவிலும் பெறப்படுகின்றன. காந்திநகரில் உள்ள இன்பிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் அவற்றை எவரும் படிக்கலாம். பிறர் களவாடிவிடுவர் என்னும் அச்சம் இங்கும் எழாமலில்லை. ஆனால், ஓர் ஆய்வேடு வெளிப்படையாகக் கிடைக்கும்போது, அதிலிருந்து எடுத்தாண்ட பகுதிகளை ஒப்பிட்டுக் கண்டறிவதும் எளிதாகிவிடுகிறது. பூட்டிய அறைக்குள் இருந்த படியில் அதற்கு வாய்ப்பே இல்லை.