போர்க்களத்துத் தோழமை

பட்டாளத்தை விட்டு ஊர் திரும்பும் வீரன் ஆயுதத்தை மட்டுமா விட்டு வருகிறான்? உடன் உண்டு, உடன் உறங்கிய தோழர்களையும் அன்றோ பிரிந்து வருகிறான்! வீட்டார் அன்பு காட்டுவர்; ஆயினும், அவன் கண்டவற்றை அவர்கள் கண்டிலர்.

இக்குறையை அவுஸ்திரேலிய வீரர்கள் விரைவிலேயே உணர்ந்தனர். கலிப்பொலியில் அவர்கள் கரையிறங்கியது 1915 ஏப்ரல் 25ஆம் நாள். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், போர் முடியுமுன்னரே, திரும்பி வந்தோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். இன்று ஆர்.எஸ்.எல். என வழங்குவது அதுவே.

அச்சங்கத்தின் உயிர் ஊர்க்கிளைகளில் இருக்கிறது. உபகாரச் சம்பளத்துக்கு மனு எழுதத் தெரியாதவனுக்கு, விதிமுறை அறிந்த அங்கத்தவர் ஒருவர் துணை நிற்பார். நோயுற்றவனை ஆஸ்பத்திரியில் சென்று காண்பர். இறந்தவனின் பேழைமீது தோழர்கள் ஒவ்வொருவராகச் செந்நிறப் பொப்பி மலரை வைப்பர். பல கழகங்களில் மாலை 6 மணியானதும், உண்போரும் உரையாடுவோரும் எழுந்து, மாண்டோரை நினைந்து மௌனமாக நிற்பர்.

அந்நியரிடம் கைநீட்ட நாணும் மானமுள்ளவனும், தன்னைப்போல் துன்புற்றவனிடம் மனந்திறப்பான். இன்று உதவி பெறுபவன், நாளை மற்றொருவனின் கட்டிலருகே அமர்வான். ஆகவே அது பிச்சையன்று.

ஆயினும் ஒரு படிப்பினையும் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பியோருட் பலர், மூத்த வீரர் சிலர் தம்மைச் சமமாக மதிக்கவில்லை என வருந்தினர். சிட்னி நகரில் அவர்களுக்கு 1987இல் ஒரு வரவேற்பு அணிவகுப்பு நடந்தது. முன்னே வந்தவர் பின்னே வருபவருக்குக் கதவைத் திறந்து வைத்தாலன்றித் தோழமை நிலைக்காது.