துருவின் கதை – 14: ஒரே உப்பு, இரண்டு இரும்பு

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிப் போகும் கனரக லாரிகளின் எஞ்சினுக்குள் ஓயாமல் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. சிலிண்டரில் டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் அதன் உள்ளுறையான லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் லைனரின் வெளிச்சுவரை ஒட்டியுள்ள தண்ணீரில் நுண்ணிய குமிழ்கள் உண்டாகின்றன. உண்டான வேகத்திலேயே சுவரில் உடைகின்றன. உடையும் இடத்தில் இரும்பின் மேல்தோல் உரிந்துவிடுகிறது. தோலில்லாத இரும்பைத் தண்ணீர் அரிக்கிறது, மறுபடி குமிழ், மறுபடி உரிதல். கவனிக்காமல் விட்டால் லைனர் முழுக்க ஊசியால் குத்தியதுபோல் துளைகள் விழுந்து, ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். பிறகு எஞ்சினை இறக்க வேண்டியதுதான்.

இதைத் தடுக்கத்தான் பல டீசல் கூலன்ட்டுகளில் சோடியம் நைட்ரைட் சேர்க்கிறார்கள். சென்ற வாரம் பார்த்த துருத்தடுப்பு உப்பான குரோமேட், புற்றுநோய் உண்டாக்குவது என்று தெரிந்து ஒதுக்கப்பட்டபோது, அதன் வேலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது இந்த உப்புதான். இது இரும்பைத் துருவிடமிருந்து காப்பாற்றும் விதம் வேடிக்கையானது: இரும்பைத் தானே முந்திக்கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது! பரப்பில் கரையப் பார்க்கும் ஃபெரஸ் இரும்பை ஃபெரிக் ஆக்கி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமாக அங்கேயே இறுக்கிவிடுகிறது. துருவும் அந்தக் குடும்பம்தான். ஆனால் துரு பொருபொருத்து உதிரும், இந்தப் படலம் உதிராது. குமிழ் உரித்த இடத்தில் உடனே மறுபடி படர்ந்துகொள்ளும்.

ஆனால் அளவு குறைந்தால் இதே நைட்ரைட் ஆபத்து. படலம் பரப்பு முழுவதையும் மூடாமல் அங்கங்கே இடைவெளி விட்டால், பரவலாக நடந்திருக்க வேண்டிய அரிப்பெல்லாம் அந்தச் சிறு இடைவெளிகளில் குவிந்து ஆழமாகக் குடைகிறது. அரைகுறைப் பாதுகாப்புக்குப் பொதுவான துருவே மேல் என்றாகிவிடும். குளோரைடு மிகுந்த தண்ணீரில் நைட்ரைட் இன்னும் கூடுதலாகத் தேவை. வழியில் கிடைத்த போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் டிரைவர், கூலன்ட்டை நீர்க்கச் செய்வதோடு உப்பையும் சேர்த்துவிடுகிறார். போதாக்குறைக்கு, நாளாக ஆக நைட்ரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டுக்கு இரும்பைக் காக்கும் அந்தத் திறமை கிடையாது.

இனி இரண்டாவது இரும்புக்கு வருவோம். விழுப்புரத்துக்கு மேற்கே, கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளி விளையும் ஊர்களில் ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. கட்டவிழ்ந்த ஆடு மரவள்ளி இலையை மேய்ந்துவிட்டால், மூச்சு வாங்கி, கால் உதறி, சற்று நேரத்தில் செத்துப்போகும். வாடிய இளம் சோளப்பயிரை மேய்ந்த மாட்டுக்கும் இதே கதிதான். இரண்டிலும் காரணம் சயனைடு. செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியில் ஃபெரிக் இரும்பு இருக்கிறது. சயனைடு அதைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடல் மூச்சுமுட்டிச் சாகிறது.

நேரத்துக்குக் கால்நடை மருத்துவர் வந்தால் நரம்பில் ஏற்றும் மருந்துகளில் ஒன்று அதே சோடியம் நைட்ரைட். அது இங்கே செய்வதும் லைனரில் செய்த அதே வேலைதான்: ஃபெரஸை ஃபெரிக் ஆக்குவது. இம்முறை மாறுவது ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு. ஃபெரிக் ஆன ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ஆனால் சயனைடுக்கு அதுதான் பிடித்த இடம். நொதியை விட்டுவிட்டு இரத்தத்துக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. அடுத்து ஏற்றும் சோடியம் தயோசல்பேட் அதைத் தயோசயனேட்டாக மாற்ற, சிறுநீரில் வெளியேறுகிறது. இரத்தத்தின் ஒரு பகுதியை வேண்டுமென்றே கெடுத்து உயிரைக் காப்பாற்றும் இந்தச் சூழ்ச்சியைவிட அழகானது வேதியியலில் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. 1933இல் அமெரிக்காவில் கே.கே. சென்னும் அவருடைய சகாக்களும் வகுத்த முறை இது. மனிதர்களுக்கும் இதைக் கொடுப்பதுண்டு.

லைனரில் குறைந்தால் ஆபத்தான உப்பு, இரத்தத்தில் கூடினால் ஆபத்து. 1944இல் நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் கஞ்சிக்குச் சமையல் உப்பு என்று தவறுதலாக இது சேர்ந்துவிட, 11 பேர் உடல் நீலம் பாரித்து மருத்துவமனைக்குப் போனார்கள். ஒருவர் இறந்துபோனார்.

துருவைத் தடுக்க நைட்ரைட் மட்டுமல்ல, கரிமப் பொருள்களும் உண்டு. அந்தக் கரிமத் தடுப்பான்களின் வழி வேறு. அவை இரும்பை மாற்றுவதில்லை. பரப்பில் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஆலைக் குழாய்களில் படிந்த உப்புப் படிவை அமிலம் விட்டுக் கரைக்கும்போது, அமிலம் குழாயையே தின்றுவிடாமலிருக்கத் தயோயூரியா வகைப் பொருள்களைச் சேர்ப்பதுண்டு. இதே தயோயூரியாவை 1943இல் எட்வின் ஆஸ்ட்வுட் மிகைத் தைராய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தைராய்டு நொதியின் வேலை நின்றது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் கார்பிமசோல் அந்த வம்சம். ஊறுகாய் கெடாமல் வைக்கும் சோடியம் பென்சோயேட் கூலன்ட்டிலும் இருக்கும். இரத்தத்தில் அமோனியா ஏறும் பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு அதுவே மருந்து. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைக்குத் தனி அத்தியாயம் வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

இப்போது நைட்ரேட்டுக்குத் திரும்பியாக வேண்டும், விழுப்புரத்துக்காக. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, நிலத்தடி நீரில் நைட்ரேட் மிக மோசமாக உள்ள 15 மாவட்டங்களை நாடு முழுவதிலிருந்தும் பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது விழுப்புரம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. வயலில் அளவுக்கு மீறி இடும் யூரியா, மாட்டுச்சாணக் குழி, கழிவுநீர் எல்லாம் மண்ணில் இறங்கி நைட்ரேட்டாகிக் கிணற்றைச் சேருகின்றன.

ரேடியேட்டரில் நைட்ரைட், நைட்ரேட்டாகிச் செயலிழக்கிறது. கைக்குழந்தையின் வயிற்றில் நேர்மாறு. அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, அது குழந்தையின் ஹீமோகுளோபினை ஃபெரிக் ஆக்குகிறது. அதைச் சரிசெய்யும் நொதி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் போதிய அளவில் இருப்பதில்லை. உதடும் நகமும் நீலமாகின்றன. கிணற்று நீரில் கரைத்த பாலுக்கும் இந்த நீலத்துக்கும் உள்ள தொடர்பை 1945இல் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் எழுதினார்.

நம் வீடுகளில் பால் பவுடர் கரைக்கும் முன் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைப்பார்கள். கிருமிக்கு அது சரி. நைட்ரேட் கொதித்து ஆவியாவதில்லை. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். சந்தேகமுள்ள கிணறு என்றால் நீரைச் சோதித்துப் பார்ப்பதும், ஆர்.ஓ. வைப்பதும், வேறு கிணற்றுக்குப் போவதும்தான் வழி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. தாய் குடிக்கும் தண்ணீரில் நைட்ரேட் ஓரளவு இருந்தாலும் அது பாலில் அவ்வளவாக இறங்குவதில்லை.

(தொடரும்)