ஆகாயத்தில் வேலி

பின்லாந்தின் தலைநகரான ஹெல்ஸிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம்? பூகோள உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால் சுமார் 7,800 கிலோமீட்டர். 2022-ஆம் வருஷத் துவக்கம் வரையில் பின்லாந்தின் பின்னேர் கம்பெனி விமானங்கள் ஏறக்குறைய அந்த நூலை ஒட்டியே சைபீரியாவின் மீது பறந்து, ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோவை அடைந்து வந்தன. அவ்வருஷம் மார்ச்சு முதல் அதே பிரயாணத்துக்குச் சுமார் 13 மணி நேரம் பிடிக்கிறது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நடுவே இருப்பவன் கதவைச் சாத்திவிட்டான்.

காரணம் நேயர்கள் அறிந்ததே. 2022 பிப்ரவரி 24-இல் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. மூன்றே நாட்களில் பின்லாந்தும் ஏனைய ஐரோப்பிய நாடுகளும் ருஷ்ய விமானங்களுக்குத் தங்கள் ஆகாயத்தை மூடுவதென்று அறிவித்தன. மறுநாள் ருஷ்யா 36 நாடுகளின் விமானங்களைத் தடை செய்தது.

ஆகாயம் எல்லோருக்கும் பொது என்று கவிகள் பாடலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1944-இல் சிக்காகோ மகாநாட்டில் உருவான ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தே, தன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயத்தில் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் பூரண ஆதிபத்தியம் உண்டு என்பதுதான். இறங்காமல் கடந்து செல்லும் உரிமையைப் பரஸ்பரம் வழங்கும் வேறோர் ஒப்பந்தமும் அங்கேயே தயாராயிற்று. சோவியத் சர்க்கார் அந்த மகாநாட்டுக்கே வரவில்லை. இரண்டாவது ஒப்பந்தத்தில் ருஷ்யா பின்னரும் சேரவில்லை. ஆகவே சைபீரியாவின் மீது பறப்பது பிறருக்கு ஒருநாளும் பாத்தியதையாக இருந்ததில்லை. தயவாகவே இருந்தது, அதுவும் விலைக்கு விற்ற தயவு. ஐரோப்பியக் கம்பெனிகள் அந்த வழிக்காக ருஷ்யாவின் ஏரோபிளாட் கம்பெனிக்குப் பெருந்தொகை கட்டி வந்தன. சுங்கச் சாவடி தரையில்தான் இருக்க வேண்டுமென்பதில்லை!

இந்தச் சுற்றுவழி புதிதன்று. 1983 ஏப்ரலில் பின்னேர் கம்பெனி டோக்கியோவுக்கு இடையில் இறங்காத சேவையைத் துவக்கியபோதும் சோவியத் ஆகாயம் அதற்குத் திறக்கவில்லை. அதன் டி.ஸி.10 விமானங்கள் வட துருவத்தைக் கடந்து, பேரிங் ஜலசந்தி வழியே தெற்கு நோக்கித் திரும்பின. அப்போது பிடித்த நேரமும் சுமார் 13 மணியே. அவ்வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி, வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் நுழைந்த தென்கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். சுற்றிப் போனவர்கள் வீணாகச் சுற்றவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பின்னர் கதவு திறந்தது, நேரம் சுருங்கியது. இப்போது நாற்பது வருஷ யந்திர அபிவிருத்தியெல்லாம் பிரயாணியைப் பழைய கணக்கிலேயே கொண்டு இறக்கியிருக்கிறது.

பின்லாந்துக்கு இது சிறு நஷ்டமன்று. ஐரோப்பாவுக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் இடையே குறுக்குவழியில் தன் ஊர் அமைந்திருப்பதையே மூலதனமாக வைத்து வளர்ந்த கம்பெனி அது. சர்க்காரே அதில் பெரும்பங்குதாரர். அப்படியிருந்தும் ஆகாயத்தை மூடத் தயங்கவில்லை. 1917-இல் ருஷ்ய சாம்ராஜ்யத்திலிருந்து விடுபட்டு, இன்றும் ருஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட எல்லையுடைய சிறு நாடு, இலாப நஷ்டக் கணக்கை ஒதுக்கி வைத்து நடந்துகொண்டதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

சீனக் கம்பெனிகள் 2022-க்குப் பின்னும் சைபீரியாவின் மீதே பறந்து, எண்ணெயும் நேரமும் மிச்சம் பிடிக்கின்றன. இது சமமான போட்டியல்ல என்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் முறையீட்டில் நியாயம் உண்டு. ஆனால் அந்த விமானங்கள் வந்து இறங்குவது ஐரோப்பிய நிலத்தில். முறையீட்டை அவர்கள் தங்கள் சர்க்கார்களிடமே செய்துகொள்ள வேண்டும்.

பின்னேர் விமானங்கள் இப்போது காற்றின் போக்கைப் பார்த்து வட துருவ வழியாகவோ, ருஷ்யாவுக்குத் தெற்கே சுற்றியோ செல்கின்றன. துருவத்தைக் கடந்தவர்களுக்கு 1980-களில் கொடுத்த அத்தாட்சிப் பத்திரத்தை 2022-இல் மறுபடியும் கொடுக்கத் துவங்கினார்கள்.